பாட்டினால் எழுந்த கல்லூரி

யூபிலி என்னுஞ் சொல் நம் செவிக்குப் பழகியது. வெள்ளி யூபிலி, பொன் யூபிலி, வைர யூபிலி என ஆண்டுகளை எண்ணி விழா எடுக்கின்றோம், மலர் வெளியிடுகின்றோம். ஆயினும் அச்சொல்லின் பிறப்பையும் பொருளையும் ஆராய்வார் சிலரே. இவ்விழாவுக்கான ஆயத்தங்கள் தொடங்கிய நாட்களில் மேல்வகுப்பு மாணவர் ஒருவர், "ஐயா, யூபிலி என்பது தமிழ்ச் சொல்லா?" என்று எம்மை வினவினார். அன்று என்று கூறி அமைந்துவிடாது, அதன் வரலாற்றைத் தேடப் புகுந்தோம். அத்தேடல் எம்மைக் கடல் கடந்து அழைத்துச் சென்று, பாடியே தம் கல்லூரியை நிலைநிறுத்திய மாணவர் ஒன்பதின்மரிடம் சேர்த்தது. அவர் கதையை ஈண்டுச் சொல்லுதல் பொருத்தமாகும் எனக் கருதுகின்றோம்.

ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறித்த எபிரேயச் சொல்லே யூபிலியின் மூலம் என்பர். ஐம்பதாம் ஆண்டு வந்ததும் கொம்பூதி, அடிமைப்பட்டோரை விடுவித்து, கைமாறிய நிலத்தை உரியவரிடம் மீளக் கொடுத்தல் வேண்டும் என்பது விவிலியத்தின் லேவியராகமம் விதிக்கும் முறை. ஆகவே யூபிலி என்பது வெறும் ஆண்டுக் கணக்கன்று, விடுதலையின் பெயர். ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளாய் உழன்ற ஆபிரிக்க மக்கள், தாம் என்றோ ஒருநாள் காணவிருந்த விடுதலையை இப்பெயராலேயே அழைத்துக் காத்திருந்தனர்.

1863ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வெளிவந்தது. 1865இல் உள்நாட்டுப் போர் ஓய்ந்தது. அவ்வாண்டு முடியுமுன் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்தது. அடுத்த சில கிழமைகளில், 1866 சனவரி 9ஆந் திகதி, டெனசி மாநிலத்து நாஷ்வில் நகரில் பிஸ்க் கல்விக்கூடம் திறக்கப்பட்டது. போர்க்காலத்தில் படையினர்க்கு மருத்துவமனையாயிருந்த பழைய மரக்கொட்டில்களே அதன் வகுப்பறைகள். எழுதப் படிக்கக் கற்பிப்பதே குற்றமென அடிமைகள் விடயத்தில் தென்மாநிலங்கள் பலவற்றிற் சட்டமிருந்த காலம் அப்போதுதான் கழிந்திருந்தது. சிறுவரும் முதியவரும் ஒருங்கே அரிச்சுவடிக்கு ஓடி வந்தனர். நகரத்து அடிமைச் சந்தையிற் கிடந்த துருப்பிடித்த விலங்குகளைப் பழைய இரும்பாக விற்று, அப்பணத்தில் எழுத்துக்கூட்டும் நூல்கள் வாங்கினர் என்று அப்பள்ளியின் வரலாறு கூறும். கால்விலங்கு பாடநூலான இச்செய்தியைப் படித்தபோது, எழுத்தறிவிக்குந் தொழிலை மேற்கொண்ட யாம் சிறிது நேரம் மேலே படிக்க மாட்டாதிருந்தோம்.

ஐந்தாண்டுகளில் வறுமை வாயிலுக்கு வந்துவிட்டது. கொட்டில்கள் சிதைந்தன, கடன் பெருகிற்று. அப்போது பள்ளியின் பொருளாளரும் இசையாசிரியருமாயிருந்த ஜோர்ஜ் வைற் என்பவர், மாணவரை அழைத்துச் சென்று ஊரூராய்ப் பாடிப் பொருள் தேடுவோம் என்றார். 1871 ஒக்டோபர் 6ஆந் திகதி ஒன்பது மாணவர் புறப்பட்டனர். பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர். பல விடுதிகள் நிறங் கண்டு கதவடைத்தன. முகத்திற் கரிபூசிக் கறுப்பினத்தவரை நையாண்டி செய்யுங் கூத்துக்களுக்குப் பழகிய மக்கள், இவர்களிடமும் அதையே எதிர்பார்த்தனர். தொடக்க நாட்களில் ஒரு நிகழ்ச்சியில் ஏறத்தாழ 50 டொலர் சேர்ந்தது. அவ்வேளை சிக்காகோ நகரம் பெருந் தீயில் வெந்துகொண்டிருந்தது. தம் கடனை மறந்து, அப்பணத்தைத் தீயால் இடருற்றோர்க்கே ஈந்தனர் அவ்வறியோர்.

இனி, இக்கதையின் உயிர்நிலைக்கு வருவோம். அம்மாணவர் மேடையிற் பாடியவை முதலில் ஐரோப்பிய முறைப் பாடல்களே. தம் பெற்றோர் பருத்திக் காட்டிலும் இரவு வழிபாட்டிலும் பாடிய பாட்டுக்களை அவர்கள் அறிவர். கதவைச் சாத்திக்கொண்டு தமக்குள்ளே மெல்லப் பாடுவர். அவையில் அவற்றைப் பாட மனம் ஒருப்படவில்லை. அவை மறக்க வேண்டிய இருண்ட காலத்தை நினைவூட்டின என்பது ஒன்று; தாய் தந்தையர் கண்ணீரோடு கடவுளிடம் முறையிட்டவை, ஆதலின் புனிதமானவை என்பது மற்றொன்று. இதனை எழுதி வைத்தவர் குழுவின் இசைத்துணைவியாயிருந்த எலா ஷெப்பர்ட் என்னும் நங்கை. அவரைக் குழந்தையாயிருக்கையிலே தந்தை விலைகொடுத்து மீட்டார். தாயை விற்க உடையவர் இசையவில்லை. போர் முடிந்த பின்னரே மகள் தாயைக் கண்டாள். இத்தகையோர், தாயின் அழுகுரலைச் சந்தையிற் கூவுவதா என்று தயங்கியதில் வியப்பென்ன?

தயக்கம் ஓபர்லின் என்னும் ஊரிலே தளர்ந்தது. 1871 நவம்பரில் அங்கே குருமார் பலர் மாநாடு கூடியிருந்தனர். பேச்சொலி நிறைந்த அம்மண்டபத்தில், மாணவர் தம் முன்னோரின் பாட்டொன்றை மிக மெல்லிய குரலில் எடுத்தனர். அவை அடங்கிற்று, அதன்பின் கண்கள் கலங்கின. இதுவே எம் கைம்முதல் என உணர்ந்த வைற், குழுவுக்கு 'யூபிலிப் பாடகர்' என்று பெயரிட்டார். கொம்பூதி அறிவிக்கப்பட்ட விடுதலை, இப்போது குரலால் அறிவிக்கப்பட்டது.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லுவோம். 1872இல் அவர்கள் 20,000 டொலருடன் மீண்டனர். 1873இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியார் முன்னிலையிற் பாடினர். அவ்வாறு ஈட்டிய பொருளால் எழுந்த 'யூபிலி மண்டபம்' 1876 சனவரி முதலாந் திகதி திறக்கப்பட்டது. விலையும் பெரிதே. ஓயாத பயணத்தாற் பலர் உடல் நலிந்தனர். 1878இல் குழு கலைந்தது. ஆயினும் பாட்டு ஓயவில்லை. பிரெடரிக் லவுடின் என்னும் பாடகர் வேறொரு குழுவை அமைத்து, 1884 முதல் 1890 வரை உலகஞ் சுற்றி, இந்தியாவிலும் பாடினார். பிஸ்கில் பயின்று 1888இல் பட்டம் பெற்ற அறிஞர் டூ போய்ஸ், அம்மண்டபத்தை நோக்குந்தோறும் அது செங்கல்லாலன்றிப் பாட்டாலேயே ஆனதாகத் தமக்குத் தோன்றியதென 1903இல் எழுதினார்.

இன்று ஆண்டுதோறும் ஒக்டோபர் 6ஆந் திகதியை யூபிலி நாளாகப் பிஸ்க் பல்கலைக்கழகம் கொண்டாடுகின்றது. அன்று இக்கால மாணவர் அவையோர் முன் பழம்பாட்டுக்களைப் பாடுவர். அத்துடன் விழா முடிவதில்லை. முதற் குழுவினருட் சிலர் துயிலும் இடுகாட்டுக்குச் சென்று, அவர் கல்லறைகளின் அருகில் நின்று, அவர் பாடிய பாட்டுக்களையே மீண்டும் பாடுவர். யாம் அறிந்த கல்லூரி விழாக்களுள் இதனினும் சிறந்ததொன்றில்லை.

அக்குழுவின் ஒலிப்பதிவுகளை எம் மாணவர்க்குக் கேட்பித்தோம். இசைக்கருவி எதுவுமில்லை. ஒரு குரல் முன்செல்ல, மற்றைக் குரல்கள் விடையிறுக்கும். மூச்சளவாய்த் தொடங்கிப் பெருக்கெடுத்து மறுபடியும் மூச்சளவாய் அடங்கும். மொழி விளங்காத சிறுவரும் அசையாதிருந்தனர். யோர்தான் ஆற்றைக் கடப்போம் எனப் பாடியோர், விண்ணுலகை மட்டுமன்றி விடுதலை நிலத்தையும் மனத்திற் கொண்டனர் என யாம் விளக்கியபோது, ஒரு சொல் இரு பொருள் தரும் சிலேடை எத்துணைத் துன்பத்திலிருந்தும் பிறக்கலாம் என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

தாயின் துயரைப் பொருளுக்குப் பாடலாமோ என்ற அம்மாணவரின் வினாவை யாம் பலகால் எண்ணியதுண்டு. இழிவென மறைத்திருந்தால் அப்பாட்டுக்கள் அவர்களோடு மடிந்திருக்கும். நகைப்புக்கு விற்றிருந்தால் அதனினும் கொடிய சாவை எய்தியிருக்கும். அவர்களோ நிமிர்ந்து நின்று, பாட்டின் பெருமை குன்றாமற் பாடி, வந்த பொருளைப் பின்வரும் பிள்ளைகளின் கல்விக்கு ஆக்கினர். மரபைக் காத்தலும் வழங்குதலும் ஒன்றேயாகிய இடம் அது. பாட்டியாரின் தாலாட்டையும் வயற்பாட்டையும் வகுப்பிற் சொல்ல நாணும் நம் மாணவச் செல்வர் இதனைச் சிந்தித்தல் நன்று.

பழைய மாணவராகிய அன்பர்க்கும் ஒரு சொல். ஒரு கல்லூரியின் சுவரைத் தாங்குவன கல்லுஞ் சுண்ணமும் மட்டுமல்ல. பெயர் அறியப்பட்டும் படாதும் மறைந்த பலரின் உழைப்பே. அவர்களை ஆண்டுக்கொரு முறையேனும் தேடிச் சென்று வணங்கும் கல்லூரிக்கே யூபிலி என்னும் பெயர் முழுதும் உரியது. அத்தேடலுக்கு இம்மலர் ஒரு தொடக்கமாகுக.