ஒன்பதரை மணி

என் மகளும் மருமகனும் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. அப்போது பேரனுக்கு நான்கு வயது. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் வருடத்துச் சட்டமே சொல்வதால், அவன் எங்களோடு தேசூரில் இருப்பதில் தகராறு வரவில்லை. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆரணியிலிருந்து வந்து காலையில் அழைத்துப்போய் மாலையில் கொண்டுவந்து விடலாம் என்று கோர்ட்டில் உத்தரவானது. தவறாமல் வந்தார்.

போன வருடம் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பட்டுத்தறிக் கூலியை வைத்துக்கொண்டு ஜீவனாம்சமும் கட்டி எப்படிப் பிழைப்பார்? ஆனால் அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொல்லை விட்டது என்று உள்ளூர சந்தோஷப்பட்டேன்.

அவர் விடவில்லை. வக்கீல் மூலம் மனுப் போட்டார். பிள்ளை விஷயத்தில் எந்த உத்தரவும் முடிவானது இல்லையாம். நிலைமை மாறினால் மாற்றிக் கேட்கலாம். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பெற்றோர் வெவ்வேறு ஊரிலோ நாட்டிலோ இருந்தால் நேரில் பார்ப்பது மட்டும் போதாது, போனிலும் வீடியோ காலிலும் பேசும் உரிமை வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதைக் காட்டித் தினமும் பத்து நிமிடம் வீடியோ கால், லீவில் வரும்போது பாதி நாள் பையன் அவரோடு என்று வாங்கிவிட்டார்.

உத்தரவில் நேரம் போடவில்லை. மஸ்கட் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர் வேலை முடிந்து எட்டு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே ஒன்பதரை. போன் என்னிடம்தான் இருக்கும்.

"மாமா, பையன் தூங்கிட்டானா?"

"தூங்கிட்டான்." முன்பெல்லாம் மாப்பிள்ளை என்று சேர்த்துச் சொல்வேன்.

பல நாள் அது நிஜம். சில நாள் இல்லை. ஒருநாள் போனை வைத்ததும் பக்கத்தில் படுத்திருந்தவன் கேட்டான்: "தாத்தா, நான் முழிச்சிட்டுத்தானே இருந்தேன்?"

அன்றிரவு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மறுநாள் நானே அவருக்குப் போன் செய்து, காலை ஆறரைக்குக் கூப்பிடச் சொன்னேன். அவருக்கு அது விடிகாலை ஐந்து மணி. சரி என்றார். ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே மாதம் வருகிறாராம். பதினைந்து நாள் பையனை அனுப்ப மகளுக்கு இன்னும் அரை மனசுதான்.

இப்போது காலையில் பேச்சுக்கு நடுவே எதிர்வீட்டுத் தறி ஓட ஆரம்பிக்கும். "யார் வீட்டுத் தறிடா அது?" என்பார். பையன் போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுவான்.