ஓரத்தில் நில்

தொழிலாளிக்கும் தேர்வு உண்டு. அவனுடைய விடைத்தாள் எஃகுத் தகடு; எழுதுகோல் பற்றவைப்புக் குச்சி. 1979ஆம் ஆண்டில் ஜூரோங்கிலுள்ள ஒரு கப்பல் பட்டறையில் நான் எழுதிய அத்தகைய தேர்வொன்றை இன்றும் மறக்க இயலவில்லை.

10 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரு தகடுகள். அவற்றின் விளிம்புகளை 30 பாகை சாய்வாகச் சீவி, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுச் சுவரைப்போல் நிமிர்த்தி வைத்திருந்தனர். அந்த 'வி' வடிவக் காடியைக் கீழிருந்து மேலாக நிரப்பவேண்டும். தேறினால் சான்றிதழும் கூடுதல் சம்பளமும் கிடைக்கும். ஜொகூர்த் தோட்டத்தில் என் தங்கையின் திருமணம் அந்தச் சம்பளத்தை எதிர்நோக்கியிருந்தது.

நான் இட்ட மேலடுக்கு அழகாகவே இருந்தது. ஆனால், அறுத்தெடுத்த துண்டை வளைத்தபோது காடியின் சுவரையொட்டி அது வாய் பிளந்தது. 3 மில்லிமீட்டருக்கு மேல் பிளந்தால் தோல்வி. என் துண்டிலோ விரல் நகமே நுழைந்தது. திருமணம் தள்ளிப்போயிற்று.

வெள்ளையர் காலத்தில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் தொழில் பழகிய பெரியவர் ஒருவர் அத்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுவில் ஏன் இவ்வளவு நேரம் நின்றாய், தம்பி?"

"நிரம்பவேண்டுமே என்றுதான், அண்ணே."

"நடு தானே நிரம்பும். ஓரத்தில் நில், நடுவைக் கடந்து போ."

பிறகு விளக்கினார். செங்குத்து நிலையில் உருகிய எஃகு கீழே சரியப் பார்க்கும். நடுவில் தாமதித்தால் அது முதுகுபோல் புடைக்கும். இரு ஓரங்களிலும் குறுகிய குழி விழும். அக்குழியில் கசடு ஒளிந்துகொள்ளும். அடுத்த அடுக்கு அதைப் போர்வையாய் மூடிவிடும். ஓரத்தில் ஒரு கணம் நின்றால்தான் சுவரும் உருகிக் கலக்கும். மின்வில் குறுகியிருக்கவேண்டும், குச்சியின் முனை சற்றே மேல்நோக்கவேண்டும், ஒவ்வோர் அடுக்கின் கசடையும் முற்றாகக் களையவேண்டும். 3.2 மில்லிமீட்டர் குச்சிக்கு நான் வைத்திருந்த 140 ஆம்பியர் மிகுதி. 115 போதும் என்றார்.

ஒரு மாதம், மதிய உணவு வேளைகளில் கழிவுத் தகடுகளில் பழகினேன். ஓரத்தில் "ஒன்று" என மனத்துள் எண்ணுவேன், நடுவில் எண்ணமாட்டேன். இரண்டாம் தேர்வில் துண்டு வளைந்தது, பிளக்கவில்லை. தங்கையின் திருமணமும் இனிதே நடந்தது.

பின்னாளில் என்னிடம் தொழில் பழக வந்த தமிழக இளைஞர்களின் கையில் முதலில் அந்தப் பழைய துண்டைத்தான் கொடுத்தேன். அழகான மேலடுக்கைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். பிறகு, அதன் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன்.