அம்மன் படத்துக்குப் பின்னால வச்ச கடிதம்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தப்போ, நம்மகூட சேவை செய்யுற ஒரு தம்பி ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். "அண்ணே, இதக் கொஞ்சம் படிச்சு சொல்லுங்க"ன்னார். மேல இருந்தது மேல்முறையீடு தள்ளுபடின்னு வந்த தாள். அடியில முதல்ல வந்த திவால் நோட்டீஸ். அதுல இன்னும் விபூதி ஒட்டியிருந்துச்சு.

"நவராத்திரி நேரத்துல வந்துச்சுண்ணே. அம்மன் படத்துக்குப் பின்னால வச்சேன், பூஜை முடியட்டும்னு."

கையில கொடுத்த நாள்ல இருந்து 7 நாள்தான் கணக்கு. நவராத்திரி 9 நாள்.

கேட்டது 108,000 வெள்ளி. தம்பி லோரி கடனுக்கு 11,000 கட்டின ரசீது வச்சிருக்கார், அது கழிக்கப்படல. 2021 செப்டம்பர் 1ல இருந்து 100,000 வெள்ளிக்குக் கீழ இருந்தா திவால் வழக்கே போட முடியாது (முன்ன 50,000, அதுக்கும் முன்ன 30,000). ஆனா தொகை தப்புன்னா அந்த 7 நாளுக்குள்ள கடன் கொடுத்தவருக்கு எழுதித் தெரிவிக்கணும். இல்லன்னா தொகை கூடுதலா இருக்குங்கிறதுக்காக மட்டும் நோட்டீஸ் செல்லாமப் போகாது. ரசீது பையிலயே தூங்குச்சு. அப்புறம் போட்ட மேல்முறையீடும் நாள் கடந்து போச்சு. ரசீதைப் பத்திப் பேச்சே எழல.

படிச்சவங்களுக்கும் இது நடக்குது. திருச்சியில பாய்லர் செஞ்ச சேதர் கம்பெனி திவால் வழக்குல, 2019 டிசம்பர் 31 தீர்ப்புக்கு எதிரா 2020 ஜூன்லதான் மேல்முறையீடு போட்டாங்க. கெடு 30 நாள், காரணம் சொன்னா இன்னும் 15. இலவச நகல் வரட்டும்னு காத்திருந்தோம்னாங்க. தீர்ப்பு சொன்ன நாள்ல இருந்தே கணக்கு, நகலுக்கு நீங்கதான் மனு போடணும்னு சொல்லி, இந்திய உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 22ல தள்ளுபடி பண்ணிடுச்சு. லோயர் வச்சவங்களுக்கே அந்த நிலைமை!

எனக்குக் கோபம் தம்பி மேல இல்ல. "சாமிகிட்ட வை, எல்லாம் சரியாயிடும்"னு சொன்ன நம்ம ஆளுங்க மேலதான். அதுல நானும் ஒருத்தன். அன்னைக்கு அவர் முகம் வாடியிருந்தப்போ அர்ச்சனை சீட்டு எழுதிக் கொடுத்தவன் நான், என்ன விஷயம்னு கேட்கல.

தம்பிக்கு சிங்கப்பூர்ல வேலை. திவால் ஆனவர் அனுமதி இல்லாம நாட்டை விட்டு வெளிய போக முடியாது. இப்ப வீட்டுல இருக்கார். திவால் ஆனவர் சொத்து விவர அறிக்கை கொடுக்கணும். அதையும் இன்னும் கொடுக்கல! திங்கள்கிழமை லீவு போட்டு அவரோட இன்சால்வென்சி இலாகாவுக்குப் போறேன்.

நான் எஸ்.பி.எம். படிச்சவன், லோயர் இல்ல. ஆனா மலாய் படிப்பேன், சட்ட உதவி இலாகாவுக்குக் கூட்டிட்டுப் போவேன். யாருக்காவது கோர்ட் கடிதம் வந்திருந்தா, வந்த தேதியை உறை மேல எழுதி அன்னைக்கே கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையல்கட்டுப் பக்கம்தான் இருப்பேன். மத்த நாள்ல போன் பண்ணுங்க, ஷிப்ட் முடிஞ்சதும் வர்றேன்.