ரைபிளைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி மீட்டரைச் சந்தேகப்படுங்க

புனேல தமிழ்க் குடும்பங்கள் நாலு பேர் கூடினா, "உங்க பொண்ணு என்ன கத்துக்கறா?"ங்கிற கேள்வி கட்டாயம் வரும். பாட்டு, பரதம், கீபோர்டுன்னு வரிசையா பதில் வரும். "துப்பாக்கி சுடறா"ன்னு நான் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. கோபியிலிருந்து அம்மா இன்னமும் போன்ல, "பொட்டப்புள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு சாமி?"ன்னுதான் கேக்கறாங்க. கடலூர்ல பொறந்து அகமதாபாத்துல வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019ல ரியோ உலகக் கோப்பையில 10 மீட்டர் ஏர் ரைபிள்ல தங்கம் வாங்கினதைச் சொல்லித்தான் சமாளிச்சுட்டு வரேன். அவங்களும் நம்மள மாதிரி ஊர்விட்டு வந்த குடும்பம்தானே!

அடுத்த கேள்வி, "லைசென்ஸ் வேணுமா?" 0.177 அங்குல விட்டம், 20 ஜூலுக்கு மேல போகாத ஏர் ரைபிளுக்கு 2016ஆம் வருஷ ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம். போட்டி ரைபிளுக்கு 8 ஜூல் வந்தாலே பெருசு.

சரி, விஷயத்துக்கு வரேன். இந்த விளையாட்டுல 10 மீட்டர் தள்ளி இருக்கிற இலக்கோட நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். குண்டோட ஓரம் அதைத் தொட்டா 10. அச்சு அசலா நடுவுல போனா 10.9. எங்க பொண்ணு பத்தாவது படிச்சுட்டிருந்த வருஷம், போட்டிக்கு மூணு வாரம் இருக்கும்போது அவ குண்டுகள் மேலயும் கீழயுமா சிதற ஆரம்பிச்சது. இடது வலதுல ஒண்ணும் இல்லை, மேல கீழ மட்டும்தான்.

மேல கீழ சிதறினா முதல் சந்தேகம் வேகத்து மேலதான் வரும். கணக்கு லேசுதான். விநாடிக்கு 172 மீட்டர் வேகத்துல போற குண்டு, 10 மீட்டர் போறதுக்குள்ள (காற்றோட தடையை விட்டுட்டா) 16.6 மில்லிமீட்டர் கீழ இறங்கும். வேகம் 169 ஆனா 17.2. வித்தியாசம் 0.6 மில்லிமீட்டர். அந்த இலக்குல கால் மில்லிமீட்டர் விலகினா 0.1 பாயிண்ட் போச்சு. 60 குண்டு சுடணும், நினைச்சுப் பாருங்க.

பழுது பார்க்கிற கடைக்காரர் ரைபிளைக் குரோனோகிராஃப்ல வெச்சு 10 குண்டு சுட்டுப் பார்த்தார். 159, 171, 178, 166... இப்படிப் போச்சு எண்கள். "ரெகுலேட்டர் காலி சார். பார்ட்ஸ் வெளிநாட்டுல இருந்து வரணும். 6 வாரம், 38 ஆயிரம்"னார்.

அன்னிக்கு ராத்திரி பொண்ணு வந்து, "அப்பா, இந்த வருஷம் விட்ருங்கப்பா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னா. அடுத்த வருஷம் பதினொண்ணாவது, கோச்சிங் கிளாஸ். அது எந்த வருஷமும் இல்லைங்கறதுக்கு இன்னொரு பேர்தான்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்காரி ஒண்ணும் சொல்லாம தோசையைத் திருப்பிப் போட்டுட்டு இருந்தாங்க.

என் பொழப்பே சாகன்ல ஒரு ஃபேக்டரியில அளவுக்கருவிகளைச் சரிபார்க்கறதுதான். அதனால எனக்கு வந்த முதல் கேள்வி வேற: அந்த மீட்டர் சரின்னு யார் சொன்னது? மறுநாளே போய், "ஒரு நாளைக்கு மட்டும் கொடுங்க"ன்னு கேட்டேன். நல்ல மனுஷன், கொடுத்தார்.

இந்தக் கருவியில மேஜிக் ஒண்ணும் இல்லைங்க. 30 சென்டிமீட்டர் இடைவெளியில ரெண்டு ஒளி உணரிகள். குண்டோட நிழல் முதல் உணரியைக் கடந்தா கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், ரெண்டாவதைக் கடந்தா நிக்கும். 172 மீட்டர் வேகத்துல அந்த நேரம் 1.74 மில்லிசெகண்ட். அதுல 10 மைக்ரோசெகண்ட் தப்பினாலே வேகம் 1 மீட்டர் மாறிடும். அப்போ கருவி எதுல எல்லாம் ஏமாறும்?

முதல்ல வெளிச்சம். பழைய சோக் வெச்ச டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசமாகும். மட்டமான எல்.இ.டி.யும் அப்படித்தான். நம்ம கண்ணுக்குத் தெரியாது, உணரிக்குத் தெரியும். நிழல் எப்போ வந்ததுன்னு அது முன்ன பின்ன சொல்லிடும். குண்டு பல்போட இழை சூட்டுலயே இருக்கறதால அவ்வளவு ஆடாது. வெட்டவெளின்னா மேகமூட்டமான நாள் நல்லது, இல்லைன்னா மேல வெள்ளை மறைப்பு வேணும்.

அடுத்தது சாய்வு. குண்டு 5 டிகிரி சாய்வாப் போனா தூரம் கூடும், வேகம் 0.6 மீட்டர் குறைச்சுக் காட்டும். அதனால மீட்டரையும் ரைபிளையும் ஒரே கோட்டுல, நூல் கட்டி வெச்சேன்.

இடைவெளியும் முக்கியம். மடிக்கிற மாதிரி சட்டம்னா முழுசா விரிஞ்சிருக்கணும். 30 சென்டிமீட்டர்ல ஒண்ணரை மில்லிமீட்டர் குறைஞ்சா அரை சதவீதம் தப்பு. ஸ்கேல் வெச்சே பார்த்துடலாம்.

அப்புறம் தூரம். குழல் வாயிலிருந்து வர்ற காத்து உணரியை உசுப்பக் கூடாது. ஒரு மீட்டர் தள்ளி வெச்சேன். புது பேட்டரி போட்டேன். ஒரே டப்பா குண்டு, 0.53 கிராம். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவுல அரை நிமிஷம் இடைவெளி. சிலிண்டர் அழுத்தத்தைப் பக்கத்துலயே எழுதிக்கிட்டேன். பிடிக்காத எண்ணை அடிக்கக் கூடாதுன்னு பொண்ணுகிட்ட முதல்லயே சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில கிளப் ரேஞ்சுல முதல் 10 குண்டை வேணும்னே டியூப்லைட் எரியவிட்டுச் சுடச் சொன்னேன். 161, 175, 168, 177... கடையில வந்த அதே கூத்து. அப்புறம் டியூப்லைட் எல்லாத்தையும் அணைச்சுட்டு, மீட்டருக்கு மேல ரெண்டு குண்டு பல்ப். அதே ரைபிள், அதே டப்பா, அதே பொண்ணு. 171, 172, 172, 173, 171, 172, 172, 171, 173, 172.

ஒரே சாட்சியை நம்பக் கூடாதுன்னு இன்னொண்ணும் செஞ்சோம். மைக்கைச் சரியா 5 மீட்டர்ல, நடுவுல வெச்சு லேப்டாப்புல பதிவு பண்ணோம். சுட்ட சத்தமும் குண்டு பட்ட சத்தமும் மைக்குக்கு வர்ற தூரம் ஒண்ணுதான். அதனால ஒலியோட வேகம் கணக்குலயே வராது. ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல இருக்கிற நேரம்தான் குண்டு பறந்த நேரம். 60 மில்லிசெகண்ட் வந்தது, ஒவ்வொரு தடவையும். சராசரி விநாடிக்கு 167 மீட்டர். 172ல கிளம்பி, காத்துல வேகம் குறைஞ்சுட்டே போற குண்டுக்கு அது பொருந்தற எண்தான்.

பொண்ணு நோட்டையே பாத்துட்டு இருந்தா. "அப்போ ரைபிள் நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்லை."

இல்ல கண்ணுன்னு சொல்ல வாய் வந்தது. சொல்லலை. எண்கள் அதைத்தான் சொல்லுச்சு. நோட்டை அவ கோச்சுகிட்ட கொண்டுபோய்க் காட்டினோம். அவர் மராத்தியில ஏதோ முணுமுணுத்துட்டு, அவளைச் சுடற நிலையில நிக்கவெச்சு சுத்திச் சுத்திப் பார்த்தார். ஒரு வருஷத்துல பொண்ணு ரெண்டு அங்குலம் வளர்ந்திருக்கா. கன்னம் வைக்கிற கட்டை மட்டும் பழைய உயரத்துலயே இருந்திருக்கு. தலை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு உயரத்துல உக்காந்திருக்கு. கண்ணு மேல கீழ நகர்ந்தா குண்டும் நகரத்தானே செய்யும்? ஒரு ஆலன் சாவி, பத்து நிமிஷம். பழகறதுக்கு மட்டும் ரெண்டு வாரம்.

போட்டிக்குச் சொந்த ரைபிளோடயே போனா. பதக்கம் இல்லை. 604.7. அதுக்கு முன்னாடி அவ 600ஐத் தாண்டினதில்லை.

இப்போ ராடார்ல வேகம் பார்க்கிற கருவியெல்லாம் வந்திருக்கு, வெளிச்சத் தொல்லை அதுக்கு இல்லை. விலைதான் நமக்குத் தொல்லை. உங்க பிள்ளைங்க கிளப்புல பழைய ஒளி மீட்டர்தான் இருக்குன்னா, ரைபிளைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு குண்டு பல்ப் போட்டுப் பாத்துடுங்க.

கடைக்காரர் ஏமாத்தலைங்க. மீட்டர் சொன்னதை அவர் சொன்னார். மீட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது ரெண்டு வரிசை எண்களையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். இப்போ அவர் கடையில வேகம் பாக்கறதுன்னா, முதல்ல டியூப்லைட் அணையும்.