பெட்ரோல் மூடி

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு 1984 மாடல் புல்லட் 350 இருப்பது இங்கே பலருக்குத் தெரியும். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், ஹெட்லைட்டுக்கு மேலே குட்டியாக ஒரு ஆம்பியர் மீட்டர். 1991-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். அதில்தான் பள்ளிக்கூடம் போனேன், அதில்தான் பிள்ளைகளை வளர்த்தேன். விற்றுவிடச் சொல்லி மகன் பத்து வருடமாகச் சொல்கிறான். அதை விடுங்கள்.

போன வருடம் மார்ச்சில் வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. மாதம் இரண்டு முறை நானும் வீட்டம்மாவும் திருப்பத்தூரிலிருந்து ஏலகிரிக்குப் போவோம். மேலே அவர்களுடைய அக்கா வீடு. அக்காவுக்கு உடம்பு சரியில்லை. பொன்னேரி வரை சமதளம், வண்டி தேர் மாதிரி போகும். மலை ஏற ஆரம்பித்து நாலைந்து வளைவு தாண்டியதும் திடீரென்று இழுவை போய்விடும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இன்னும் மோசம். மூன்றாவது கியரிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று, அப்புறம் ‘புடுக் புடுக்’ என்று இரண்டு விக்கல், நின்றுவிடும். ஏலகிரி போனவர்களுக்குத் தெரியும், அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள். முதலில் புலவர்கள் பெயர், மேலே போகப் போக வள்ளல்கள் பெயர். புலவர்களைத் தாண்டி ஒரு வள்ளலிடமும் போய்ச் சேர முடியவில்லை எங்களால்!

ஓரமாக நிறுத்தி, பத்து நிமிடம் உட்கார்ந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்து, மூடி, உதைத்தால் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். இரண்டு மூன்று கிலோமீட்டர் போகும். மறுபடி நிற்கும்.

எனக்கு வண்டி பார்க்கிற மெக்கானிக்கை 12 வருடமாகத் தெரியும். பெயர் வேண்டாம். கை சுத்தம், வாய் சுத்தம். விஷயத்தைச் சொன்னதும், “சூடானா நிக்குது, ஆறினா ஓடுது. கண்டன்சர் சார்” என்றார். சரியான யோசனைதான். பழைய வண்டிகளில் பாயிண்ட் பக்கத்தில் ஒரு சின்ன உருளை இருக்கும். அது பழுதாகிவிட்டால், சூட்டில் வேலை செய்யாது. பாயிண்ட்டிலேயே தீப்பொறி பறந்து வீணாகி, பிளக்குக்கு வர வேண்டிய பொறி செத்துப் போகும். ஆறினால் ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருக்கும். நான் என் மேதாவித்தனத்தில், “கிக்கரை மெதுவா அழுத்தினா ஆம்பியர் முள் ஆடுதேப்பா, கரண்ட் போகுதே” என்றேன். “முள் ஆடினா பாயிண்ட் தொறந்து மூடுதுன்னுதான் அர்த்தம் சார். கண்டன்சர் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல” என்றார். மாற்றினார். பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தார். பிளக் புதிது.

அடுத்த பயணத்தில் அதே ஐந்தாவது வளைவு.

பிறகு காயில் மாற்றினோம். கார்ப்பரேட்டரைக் கழற்றி ஜெட்டெல்லாம் ஊதினார். பெட்ரோல் டேப்பில் இருக்கிற சல்லடையைக் கழுவினார். டீகம்ப்ரஷர் கேபிள் இறுகி வால்வைத் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். டாப்பெட் பார்த்தார். பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தால் வண்டி சிங்கம். மலையில் பூனை. செலவு 4,000 ரூபாய் தாண்டிவிட்டது. இன்னொரு பட்டறையில் காட்டினேன். அவர் வண்டியைத் தொடாமலே, “போர் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்” என்றார்.

மே மாதம் ஒரு நாள், மழை வேறு, இவர்களை வளைவில் குடை பிடித்து நிற்க வைத்துவிட்டு அரை மணி நேரம் உதைத்தேன். மறுநாள் நேராக மெக்கானிக் கடைக்குப் போய், நாலு பேர் இருக்கும்போது பேசிவிட்டேன். “தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். ஒவ்வொரு பார்ட்டா மாத்தி என் காசுல பாடம் படிக்கிறியா?” என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் அந்தத் தெருப் பக்கமே நான் போகவில்லை.

ஜூனில் அக்காவுக்கு அதிகமாகிவிட்டது. பஸ் நேரம் தவறியதால் வேறு வழியில்லாமல் வண்டியை எடுத்தோம். வழக்கமான இடத்தில் நின்றது. வழக்கம்போல நான் மூடியைத் திறந்தேன். வீட்டம்மா கேட்டார்கள்: “ஏங்க, தொறக்கும்போது உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே, எப்பவும் வருமா? குக்கர் வெயிட்டைத் தூக்கின மாதிரி.”

எனக்குச் சத்தமே கேட்டதில்லை. காதும் முன்பு போல இல்லை. ஆனால் அந்த வார்த்தையில் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. குக்கரில் காற்று வெளியே வரும். இங்கே உள்ளே போகிறது.

மூடியை முழுசாக இறுக்காமல், சுற்றி என் கைக்குட்டையைக் கட்டி, மெதுவாக ஏறினேன். பதினாலு வளைவும் ஏறியது. எங்கும் நிற்கவில்லை. அக்காவைப் பார்த்தாயிற்று. இரண்டு நாள் கழித்து நான் மட்டும் தனியாக வந்து, மூடியை இறுக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தேன். ஐந்தாவது வளைவில் நின்றது. தளர்த்தினேன், போனது. ஒரு முறை ஓடியதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது, குற்றத்தைத் திரும்ப வரவழைத்துப் பார்க்க வேண்டும்.

விஷயம் இதுதான். டேங்க்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்கு மூடியில் ஊசி முனை அளவு வழி இருக்கும். அது அடைத்துவிட்டால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, பெட்ரோல் இறங்காமல் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் இன்ஜின் கொஞ்சமாகக் குடிக்கும், இடுக்கில் கசிகிற காற்று போதும். மலையில் முறுக்கினால் போதாது. டேங்க் நிரப்பிக்கொண்டு போன நாட்களில் சீக்கிரம் நின்றதை என் பாக்கெட் நோட்டில் நானே குறித்து வைத்திருக்கிறேன். மேலே காற்று கொஞ்சமாக இருந்தால், கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலே அழுத்தம் சட்டென்று விழும். எழுதி வைத்தேன், யோசிக்கவில்லை. நின்ற ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து நானே வைத்தியம் பார்த்துவிட்டு, வண்டி ஆறியதால் ஓடுகிறது என்று நம்பியிருக்கிறேன்.

அடைத்தது யார்? பொங்கலுக்கு வண்டி துடைக்கும்போது, பெட்ரோல் சிந்தி டேங்க் பெயிண்ட் கறையாகிறதே என்று சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி மூடிக்குள் வாஷராகப் போட்டேன். அந்த ரப்பர் பெட்ரோலில் ஊறி ஊறிப் பெருத்து, இரண்டு மாதத்தில் காற்று வழியை அடைத்துவிட்டது. கழற்றிப் பார்த்தபோது பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. இதை நான் மெக்கானிக்கிடம் சொல்லவே இல்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

என்னை மிகவும் உறுத்தியது வேறு. ஐந்தாம் வகுப்பில் காற்றைப் பற்றிய பாடத்துக்கு, எண்ணெய் டின்னில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துக் காட்டுவேன். சரியாக ஊற்றாது. இரண்டாவது ஓட்டை போட்டதும் கொட்டும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். எத்தனை வருடம் செய்திருப்பேன்!

மெக்கானிக் கடைக்குப் போக எனக்கு ஒன்பது நாள் ஆனது. இரண்டு முறை தெருமுனை வரை போய்த் திரும்பினேன். போன அன்றைக்கும் கடையில் நாலு பேர் இருந்தார்கள். நல்லதுதான், சொன்னதும் நாலு பேர் முன்னால்தானே. உப்பிய வாஷரை அவர் கையில் வைத்து, “தப்பு என் மேலப்பா” என்றேன். அவர் அதை விரலால் அமுக்கிப் பார்த்தார். “மூடியை நானும் பார்த்திருக்கணும் சார். பெட்ரோல் இருக்கான்னு தொறந்து பார்த்துட்டு அப்படியே விட்டுட்டேன்” என்றார். ஒரு பையனைக் கூப்பிட்டு டீ சொன்னார்.

பிறகு உள்ளே போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தார். அதில் என் வண்டியிலிருந்து கழற்றிய பழைய கண்டன்சர், பேப்பரில் சுற்றி, என் வண்டி நம்பர் எழுதி இருந்தது.

“இது பழைய சரக்கு சார், இப்பெல்லாம் இப்படிக் கிடைக்காது. திரும்ப மாட்டிடட்டுமா?”