பி.டி. பீரியடு

மற்ற வாத்தியார்கள் கடன் வாங்கித் திருப்பித் தராத ஒரே பொருள் பி.டி. பீரியடுதான். பொங்கல் தாண்டினால் பத்தாம் வகுப்புக்கு அது கணக்குப் பாடமாகிவிடும். பி.டி. வாத்தியாரும் மல்லுக்கு நிற்க மாட்டார். பிரேயரில் வரிசை கட்டுவது, முடி வெட்டாதவனைப் பிடிப்பது, ஆகஸ்ட் 15க்கு மார்ச் பழக்குவது என்று அவருக்கு வேலையா இல்லை? பந்துகள் பீரோவுக்குள் வலைப்பையில் தொங்கும், சாவி அவர் இடுப்பில் தொங்கும். கெடிலம் வறண்ட மாதங்களில் திருவதிகைப் பையன்கள் ஆற்று மணலில் சொந்தப் பந்தோடு இறங்குவதற்கு அந்தச் சாவியும் ஒரு காரணம்.

இப்படி ஒருவர் தன் தொழிலில் ஜெயித்தார் என்று எதை வைத்துச் சொல்வது? ஆட்டக் கணக்கை வைத்து என்றால் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரே தேற மாட்டார். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், பனிக்காலத்தில் கூரைக்குள்ளேயே ஆட ஒரு விளையாட்டை யோசித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் பி.டி. வாத்தியார்தான். பிறகு கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 55 வெற்றி, 60 தோல்வி. அந்த அணியின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்டவர் அவர் ஒருவர்தான்! அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் ஊர் பி.டி. வாத்தியார்களுக்கு அது தாய்வீடு மாதிரி.

கூடைப்பந்துக்குச் சிமென்ட் தளம் வேண்டும், பத்தடி உயரத்தில் வளையம் வேண்டும். கால்பந்துக்கு மண்ணும் நாலு கம்பும் போதும். கெடிலம் கடலில் சேரும் கடலூரில் அதுதான் வேர் பிடித்தது, அதுவும் பெண் பிள்ளைகளிடம். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் அரசு இல்லங்களையும் விடுதிகளையும் நம்பி வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். விடுதிப் பெண்களை மைதானத்துக்கு இழுத்து வந்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். அவருடைய இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி அணி 2018இல் ஷில்லாங்கில் இந்திய மகளிர் லீக் வரை போய் ஆடியது. அதே ஆண்டு தமிழ்நாட்டு மகளிர் அணி மணிப்பூரை 2-1 என்று சாய்த்து முதல்முறையாகத் தேசியக் கோப்பையைத் தூக்கியது. கடலூர் இந்துமதி கதிரேசனும், எங்கள் பண்ருட்டிப் பக்கத்து சந்தியா ரங்கநாதனும் மாரியப்பனிடம் பயிற்சி பெற்றவர்கள். 2019இல் நேபாளத்தில் தெற்காசியக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருவரும் இருந்தார்கள்.

கோப்பைகள் சரி. ஆனால் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவரின் பாதி வேலை வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. "வயசுக்கு வந்த பொண்ணு டவுசர் போட்டுக்கிட்டு ஓடணுமா சார்?" என்று அம்மா கேட்பார். டவுசருக்குள் லெகின்ஸ் போட்டு ஆடலாம் என்று அதை முடித்துவிடலாம். அப்பாவின் கேள்விதான் கஷ்டம்: "ஆடினா வேலை கிடைக்குமா?"

விளையாட்டை விளையாட்டுக்காகவே ஆட வேண்டும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். முந்திரிக் கொட்டை உடைத்துக் கூலி வாங்கும் வீட்டில் அந்த வசனம் எடுபடாது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு என்பதை அங்கே பெருமையாகவே சொல்லலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். கொரோனா ஊரடங்கில் அவர் சென்னைச் சாலையில் காக்கிச் சட்டையோடு நின்ற படம் பத்திரிகைகளில் வந்தது. பத்துக் கோப்பையைக் காட்டியும் மசியாத அப்பாவும் அந்தப் படத்தைப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார்.

யோசிக்கத்தான் வேண்டும். பிளஸ் டூ முடிந்த கையோடு வீட்டில் ஜாதகத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். நல்ல ஃபார்வர்டு ஒருத்தியை உருவாக்க ஆறேழு வருஷம் ஆகும், அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆறு மாதம் போதும். இந்தப் பக்கத்துப் பயிற்சியாளர்கள் மணிப்பூரைவிடத் தரகரைக் கண்டுதான் அதிகம் பயப்படுகிறார்கள்.