காலாப்பட்டு: புயல் மாதத்துக் குறிப்புகள்

நவம்பர் 27, 2024, புதன்

கடலோர வளர்ச்சித் திட்டம் ஒன்றின் தகவல் தொடர்புப் பணி, பத்திரிகைக் குறிப்பு எழுதி அனுப்புவதோடு முடிவதில்லை. திட்டம் யாருக்காகத் தீட்டப்பட்டதோ அவர்களிடம் எங்கே, எப்போது, என்ன நடக்கப்போகிறது என்று சொல்வது பாதி வேலை. அவர்கள் சொல்வதைப் பொறியாளர் மேசைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மறுபாதி. இந்த மறுபாதிக்குப் பெரும்பாலும் ஆளும் ஒதுக்கப்படுவதில்லை, பணமும் ஒதுக்கப்படுவதில்லை.

காலாப்பட்டில் நில அமைப்பே இந்தப் பணிக்கு முதல் சிக்கல். புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்துவிடுகிறது. முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் தாண்டியதும் பிள்ளைச்சாவடியில் மறுபடியும் புதுச்சேரி. பெரிய காலாப்பட்டு, சின்ன காலாப்பட்டு, கணபதிச்செட்டிகுளம், கனகச்செட்டிகுளம் கடந்தால் திரும்பவும் விழுப்புரம் மாவட்டம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் துண்டு துண்டாக அமைந்த இந்த எல்லை 1954 நவம்பர் 1 ஆட்சி மாற்றத்திலும், 1962 ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பிலும் மாறவில்லை. மத்தியப் பல்கலைக்கழகமும் மத்தியச் சிறையும் உள்ள காலாப்பட்டு உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. நகராட்சியின் மற்றப் பகுதிகளுக்குப் போக வேறு மாநிலத்தின் வழியே போக வேண்டும். கடலுக்கும் மீனுக்கும் இந்தக் கோடு தெரியாது. பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களும் அதைப் பொருட்படுத்தியதில்லை. அரசாணையும் எச்சரிக்கையும்தான் அந்தக் கோட்டில் நின்றுவிடுகின்றன.

வங்கக்கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். படகுகள் மேடேற்றப்படுகின்றன.

நவம்பர் 28

புயலாக வலுப்பெறாது, தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்கிறது இன்றைய அறிவிப்பு. ஊர் மூச்சு விட்டது.

நவம்பர் 29, வெள்ளி

பிற்பகலில் அது புயலாகிவிட்டது. பெயர் ஃபெஞ்சல்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை புயல் எச்சரிக்கையை நான்கு கட்டங்களாக வெளியிடுகிறது. 72 மணி நேரத்துக்கு முன் முற்கவனிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் விழிப்பறிவிப்பு, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் கரை கடந்தபின் உள்நாட்டில் என்ன ஆகும் என்ற கணிப்பு. புயல் சீராக வலுத்துக்கொண்டே வந்தால் இந்த வரிசை பொருந்தும். வலுப்பதாகச் சொல்லி, பிறகு வலுக்காது என்று சொல்லி, மறுபடி வலுத்துவிட்டதாகச் சொல்லும்போது வரிசை குலைகிறது. அறிவியலாளரின் பார்வையில் இது நேர்மையான திருத்தம். மீனவர் காதில் அது மூன்று நாளில் மூன்று பேச்சு.

இங்கே தகவல் தொடர்பாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதல் அறிவிப்பிலேயே, நாளை இது மாறலாம், மாறினால் எத்தனை மணிக்கு எந்த வழியாகச் செய்தி வரும் என்று சொல்லிவைக்க வேண்டும். அப்படி அறிந்தவர்களுக்கு மாறிய செய்தியும் நம்பத்தக்க செய்திதான். உறுதியாகத் தெரிந்ததுபோலப் பேசினால்தான் மக்கள் கேட்பார்கள் என்ற எண்ணம் அலுவலகங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறு. தவறாகப்போன ஓர் உறுதிமொழி அடுத்த பத்து எச்சரிக்கைகளின் மதிப்பைத் தின்றுவிடும்.

நவம்பர் 30, சனி

துறைமுகப் புயல் கூண்டின் எண்ணைத் தொலைக்காட்சிகள் நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன. எண் கூடக் கூட ஆபத்தும் படிப்படியாகக் கூடும் என்பதே பொதுவான புரிதல். அது முழுச் சரியில்லை. 1, 2 தொலைவில் உள்ள புயலுக்கு. 3, 4 துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம் என்பதற்கு. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். ஆனால் 5-க்கும் 6-க்கும் வலிமையில் வேறுபாடு இல்லை. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வேறுபாடு. 8-க்கும் 9-க்கும் அப்படியே. கப்பல் தலைவனுக்காக உருவான குறியீடு இது. கரையில் கூரைவீட்டில் இருப்பவருக்கு இது சொல்லும் செய்தி மிகக் குறைவு.

வரிசையின் கடைசி எண் 11. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் அபாயம் இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். தகவல் இல்லாமல் போவதையே ஓர் அபாயமாக எண்ணிட்டு, ஒரு கூண்டும் ஒதுக்கிவைத்த முன்னோடிகளின் தெளிவு வியப்பூட்டுகிறது. வளர்ச்சித் திட்டங்களின் தகவல் தொடர்புக் கையேடுகளில் இதற்கு இணையான பக்கம் அரிது.

இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்தபின் நகராமல் நின்றுவிட்டது.

டிசம்பர் 1

புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை. நகரில் மீட்புக்கு ராணுவம். மின்சாரம் இல்லை, கைப்பேசிக்கு உயிர் இல்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

நேற்று முதலமைச்சர் ரங்கசாமி குடும்ப அட்டைதாரர் அனைவருக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார். இன்று தமிழ்நாடு அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்திருக்கிறது. ஒவ்வோர் அரசுக்கும் அதனதன் கணக்கும் விதியும் உண்டு. ஆனால் பொம்மையார்பாளையமும் பிள்ளைச்சாவடியும் ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். ஒரே அலை, ஒரே மழை, இரண்டு தொகை. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை இரு பக்கத்தாருக்கும் பொறுமையாக விளக்குவதும் தகவல் தொடர்புதான். அது செய்யப்படாத இடத்தில் வதந்தி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது.

தெற்கே இதைவிடக் கடுமையான பாடம். சாத்தனூர் அணையிலிருந்து நேற்று அதிகாலை விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர் பக்கத்து ஊர்களில் வெள்ளம். முன்னறிவிப்பு போதவில்லை என்கிறது எதிர்க்கட்சி. ஐந்து முறை எச்சரித்ததாகச் சொல்கிறது தமிழ்நாடு அரசு. எத்தனை முறை அனுப்பப்பட்டது என்பதை அலுவலகக் கோப்பு காட்டும். எத்தனை வீட்டில் அது கேட்டது என்பதைக் காட்டும் பதிவேடுதான் வேண்டும்.

டிசம்பர் 6, வெள்ளி

பிள்ளைச்சாவடி. கடல் தெருவுக்கு மிக அருகில் வந்திருக்கிறது. மீன் விற்கும் பெண்மணி ஒருவர், கையில் குறிப்பேடு வைத்திருப்பவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: எந்தத் தேதியில் கல் கொட்டுவார்கள்? கடல் ஏன் உள்ளே வருகிறது என்ற விளக்கப்படம் அவருக்குத் தேவைப்படவில்லை. அதை அவர் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார். தேதி ஒன்றுதான் வேண்டும். அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

கடல் உள்ளே வருவதன் காரணம் தெரிந்ததுதான். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை வழிமறித்தன. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே கரை தேய்ந்தது. நகரக் கடற்கரை கருங்கல் குவியலானது. 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் நீருக்கடியில் ஆப்பு வடிவத் தடுப்பு இறக்கியபின் அங்கே மணல் திரும்பியது. வடக்கூர்களில் கேட்கும் கோரிக்கை, கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவரான தூண்டில் வளைவு. ஓர் ஊரில் தூண்டில் வளைவு போட்டால் அதற்கு வடக்கே உள்ள ஊரில் அரிப்பு கூடக்கூடும் என்பது பொறியியல் உண்மை. அந்த வடக்கூர் வேறு மாநிலமாக இருந்தால் அந்த உண்மையைச் சொல்ல யாருக்கும் பொறுப்பில்லாமல் போகிறது. பலன் பெறும் ஊருக்கு மாலையும், இழக்கும் ஊருக்கு மௌனமுமாகத் திட்டங்களின் விளம்பரம் நடப்பது வேதனையானது.

டிசம்பர் 12

மறுபடியும் மழை. பள்ளி உண்டா இல்லையா என்று அறிய காலாப்பட்டுப் பெற்றோர் புதுச்சேரி அறிவிப்பைப் பார்க்க வேண்டும், கீழ்ப்புத்துப்பட்டுப் பெற்றோர் விழுப்புரம் ஆட்சியர் அறிவிப்பை. பிள்ளைகள் ஏறுவது ஒரே பேருந்தில்.

டிசம்பர் 26, வியாழன்

சுனாமி வந்து 20 ஆண்டு. கடலில் பால் ஊற்றி, மலர் தூவினார்கள்.

புதுச்சேரிப் பகுதிக்கு இந்த நாளில் நினைக்கத் தக்க வேறொன்றும் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் உதவியோடு இங்கே கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுவம். எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே இயங்கியது, நடத்தியவர்கள் ஊர்ப் பெண்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் தந்த அலை உயர முன்கணிப்பை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். "நம்ம ஊரு செய்தி" என்ற உள்ளூர் இதழும் வந்தது. எந்தத் தகவல் வேண்டும் என்று ஊரைக் கேட்டபிறகே தகவல் தேடப்பட்டது. இந்த வரிசைதான் முக்கியம்.

2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலைபார்த்த, நல்லவாடு என்ற ஊரின் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி கண்டு வீட்டுக்குத் தொலைபேசினார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைக்கப்பட்டதே இல்லை. மீன் விலை, அலை நிலவரம், அரசு நலத்திட்டம் என்று அன்றாடம் பேசிவந்த குழல் அது. தினமும் உண்மை பேசிய குரல் என்பதால் ஓடச் சொன்னபோது ஊர் ஓடியது.

அடுத்த சில மாதங்களில் நடந்தது நேர்மாறு. தமிழ்நாட்டில் 2005 மார்ச்சில் வந்த வீட்டுவசதி அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்போர் உள்ளே இடம்பெயர்ந்தால் இலவச வீடு, மறுத்தால் உதவி இல்லை என்றது. பாதுகாப்புக்காகச் சொன்னது, கரையைப் பிடுங்கும் முயற்சியாகக் கேட்டது. படகும் வலையும் கண்ணில் படும் தூரத்தில் வாழ வேண்டிய தொழில் அது. அதை ஆணை எழுதும் முன் கேட்டிருக்க வேண்டும்.

ஜனவரி 10, 2025

சுனாமிக்குப் பின் உலக வங்கிக் கடனில் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்தே திட்டங்கள் வந்தன. 2005-இல் அவசர சுனாமி மறுசீரமைப்புத் திட்டம். 2013-இல் 23.6 கோடி டாலரில் கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டம். கடன் ஒப்பந்தம் ஒரே கரையாகப் பார்த்தது. செயல்படுத்தும் அலுவலகங்கள் இரண்டாகவே இருந்தன. இத்தகைய திட்டங்களில் தகவல் வெளியிடுதல், மக்களைக் கலந்தாலோசித்தல், குறைதீர்ப்பு ஏற்பாடு மூன்றும் நிபந்தனைகள். வெளியீட்டுக்குப் புத்தகமும் பலகையும் சாட்சி. குறைதீர்ப்புக்குச் சாட்சி, புகார் கொடுத்தவர் கையில் இருக்கும் பதில்.

காலாப்பட்டுக் கரையில் பணி நடக்கும் இடத்துப் பலகையில் இருக்க வேண்டியவை சில: பணியின் பெயர், தொகை, தொடங்கும் தேதி, முடியும் தேதி, அதனால் வடக்கே எந்த ஊர்க் கரை பாதிக்கப்படலாம், குறை சொல்ல வேண்டிய எண், அதை எடுக்கும் அலுவலரின் பதவி. கடைசி இரண்டு வரி எல்லைக்கு இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். அவற்றில் எந்த அரசின் எண்ணைப் போடுவது என்று புதுச்சேரியில் கேட்டால் விழுப்புரத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். விழுப்புரத்தில் இன்னும் கேட்கவில்லை. பிள்ளைச்சாவடிப் பெண்மணிக்குத் தேதி கிடைக்கவில்லை.